காதர் பாய் விட்டுப்போன நாற்பது கேசட்

லே அய்யா,

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்போதுதான் மேற்கொண்டு சொல்வதை நீ நம்புவாய். நம் வீட்டில் ஓடிய முதல் இங்கிலீஷ் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். கறுப்பு வெள்ளை. தொப்பி வைத்த ஒரு நெட்டையனும் தோள் தெரிய கவுன் போட்ட ஒரு பெண்ணும் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "என்ன சொல்லுதாங்க?" என்று உன் அம்மா என்னைக் கேட்டாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷுக்கு முப்பத்தாறு வாங்கிக் கரையேறியவன். தெரியாது என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்திருக்கலாம். ஆனால் ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் நின்ற நாக்கு, கேட்டதற்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "அண்ணன் தங்கச்சி. சொத்துத் தகராறு" என்றேன். அதோடு விட்டேனா? அப்பன் உயிலில் தங்கச்சிக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை, அதற்குத்தான் அவள் அழுகிறாள் என்று பத்து நிமிஷம் கூடவே கதை சொன்னேன். பதினோராவது நிமிஷத்தில் அந்த அண்ணன்காரன் தங்கச்சியை இழுத்து அணைத்து வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தான். உன் அம்மா கையிலிருந்த முறுக்கு வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. "இது என்ன குடும்பம்ங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நீ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாய். நீ அழுகிறாய் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

இன்னும் பத்து நாளில் உனக்குக் கல்யாணம். நேரில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தால் ஜவுளிக்கடை வந்துவிடும், அதனால்தான். ஆடித் தள்ளுபடி முடிந்து கடை ஓய்ந்து கிடக்கிறது. சட்டைத்துணிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து உனக்கு என்மேல் ஒரு வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். தூத்துக்குடியிலிருந்து சனிக்கிழமை வருகிறாய், சாப்பிடுகிறாய், அம்மாவிடம் பேசுகிறாய், என்னிடம் பத்திரிகை எத்தனை அடிக்கணும் என்பதோடு சரி. அந்த மௌனத்தோடு நீ மணவறையில் உட்காரக் கூடாது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் காதர் பாயின் தகரப்பெட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும்.

பேட்டையில் நமக்கு அடுத்த வீடு காதர் பாய். வளைகுடாவில் ஏதோ ஓர் அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் தங்கியிருந்த முகாமில் சமையல்காரர். அந்த முகாமைக் காலி செய்தபோது, பார்த்துச் சலித்த பழைய படங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு இவரிடம் கொடுத்துவிட்டார்கள். தொண்ணூறாம் வருஷம் ஊருக்கு வந்தவர், இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்துத் திரும்பக் கிளம்பினார். போகிற அன்றைக்குப் பெட்டியையும் கேசட் ஓட்டுகிற டெக்கையும் நம் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணாச்சி, பூட்டுன வீட்டுல கெடந்தா கேசட்டுல பூசணம் பிடிச்சிரும். நீங்க பாக்கணும்னு இல்ல. வாரத்துக்கு ஒண்ணா ஓட மட்டும் விட்டுருங்க. அது ஓடிட்டு இருந்தாத்தான் உசுரோட இருக்கும்" என்றார். நாற்பது கேசட். அடுத்தவர் பொருள், பூசணம் பிடித்தால் நமக்குத்தான் கெட்ட பெயர். ஹாலிவுட் கலையெல்லாம் நமக்கு என்ன தெரியும்? துணிக்கு நடுவில் அந்துருண்டை போடுகிற மாதிரி ஒரு கடமையாகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் போட ஆரம்பித்தோம். சும்மா ஓடவிட்டால் கரண்டுக்குக் கேடு என்று மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம்.

மார்க் போடுகிற வழக்கம் உன் யோசனை. பாய் திரும்பி வந்தால் எது நல்ல படம் எது கழிசடை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா என்றாய். நான் கடையிலிருந்து அளவு எழுதி ஒட்டுகிற சின்னச் சீட்டுக் கட்டு ஒன்று கொண்டுவந்தேன். படம் முடிந்ததும் மூன்று பேரும் பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும், சீட்டில் எழுதி கேசட் முதுகில் ஒட்ட வேண்டும். நான் எல்லாப் படத்துக்கும் ஒன்பது போட்டேன். "எல்லாத்துக்கும் ஒம்பதுன்னா மார்க் எதுக்குப்பா?" என்றாய் நீ. காலையிலிருந்து ராத்திரி வரை சாயம் போகிற துணியையும் "போகவே போகாதுக்கா" என்று விற்கிறவனுக்கு நாக்கில் ஆறு, ஏழு எல்லாம் வருமா? உன் அம்மாவின் மார்க் தனி நியாயம். ஒரு படத்தில் சீமாட்டி ஒருத்தி தட்டு நிறையச் சோறும் கறியும் இருக்க, கோபத்தில் துண்டை வீசிவிட்டு எழுந்து போனாள். "அந்தச் சாப்பாட்ட அப்புறம் யாரு தின்னா? காட்டவே இல்லையே. ரெண்டு மார்க்கக் கொற" என்றாள் அம்மா. படம் முடியும்வரை அந்தத் தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இப்போது யோசித்தால், நம் இரண்டு பேரை விட அவள்தான் ஒழுங்காகப் படம் பார்த்திருக்கிறாள்.

கதை சொல்கிற வேலை எப்படி உனக்கு வந்தது என்பதுதான் முக்கியம். அண்ணன் தங்கச்சி விவகாரத்துக்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அம்மா உன் பக்கம் திரும்பி, "நீதான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிக்க, நீ சொல்லுலே" என்றாள். அந்தப் பதினாலு வயதில் உன் பேச்சு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். ஒரு சொல்லின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக முடியாமல் கழுத்து நரம்பு புடைக்க நிற்பாய். நான் என்ன செய்வேன்? அந்தச் சொல்லை எடுத்து நானே போட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உன் பெயர் என்ன என்று கேட்டார்கள், நான் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று உன்னிடம் கேட்டார், நான் சொன்னேன். டீக்கடையில் என்ன வேணும்லே என்று உன்னைக் கேட்பேன், நீ "வா... வா..." என்று நிற்பாய், "வடைதான? ஏ, ஒரு வடை குடு" என்பேன். மூன்று வருஷம் கழித்துத்தான் உன் அம்மா சொல்லித் தெரிந்தது, உனக்கு வடையே பிடிக்காது என்று. நீ கேட்க நினைத்தது வாழைக்காய் பஜ்ஜி. மூன்று வருஷம் நான் கேட்ட வடையை நீ தின்றிருக்கிறாய். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று ஆற்றுக் கூழாங்கல்லை உன் நாக்குக்கு அடியில் வைத்துப் பேசச் சொன்னேன், நீ அதை விழுங்கப் பார்த்தாய். குலசேகரன்பட்டினம் அம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு கரடி வேஷம் கட்டினேன். ஊரில் யாரும் பயப்படவில்லை, நீ ஒருத்தன் மட்டும் பயந்து அலறினாய். அந்த அலறல் திக்காமல் வந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன் பார், அவ்வளவு புத்திசாலி உன் அப்பன்.

அப்படிப்பட்ட நீ அன்றைக்கு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தாய். முதல் சொல்லில் நின்றாய். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைக்காரன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிந்தால்தானே உனக்கு எடுத்துக்கொடுக்க முடியும்? வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொல் பைய வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அந்தப் படம் முடிவதற்குள் நீ இருபது முப்பது இடத்தில் நின்றிருப்பாய், ஆனால் ஒவ்வொரு தடவையும் நீயேதான் கிளம்பிப் போனாய். நாலைந்து மாதத்தில் நிற்பது குறைந்தது. போகப் போக கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல் என்று ஜோராகிவிட்டது. பாதி நீயாகக் கட்டிவிட்டது என்று பிற்பாடு ஒத்துக்கொண்டாய். அதனால் என்ன? என் அண்ணன் தங்கச்சியை விட மேல்.

நான் அது அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரடி வேஷத்துக்குப் பலன் என்று கடையில்கூடச் சொன்னேன். என் மண்டையில் குட்டியது உன் அம்மா. கடலுக்குப் போன புருஷன் வருஷக்கணக்கில் திரும்பாத ஒரு படம். அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான், உள்ளே அவள் வேறு ஒருத்தனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் கரண்டு போய்விட்டது. மூன்று பேரும் செத்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "கதவத் தொறந்தாளா இல்லையா? நீ சொல்லுலே" என்றாள் அம்மா. "எனக்கு மட்டும் எப்படிம்மா தெரியும்?" என்றாய். "தெரிஞ்ச மாதிரிதான் இம்புட்டு நாளும் சொன்ன" என்றாள். நீ சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாய். ஜன்னல் வெளிச்சத்தில், படம் இல்லாமல், அரை மணி நேரம். கதவு திறந்தது, மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள், யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் தேநீர் ஆறிப்போனது என்று நீ சொன்னபோது எனக்கு மூச்சே விடத் தோன்றவில்லை. கரண்டு வந்து மிச்சப் படத்தைப் போட்டால் அவன் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். அம்மா படத்துக்கு நாலு மார்க் போட்டாள், உன் கதைக்கு ஒன்பது. ஒரு மார்க் எங்கே என்று கேட்டதற்கு, "ஆறுன டீய அந்தப் பிள்ளை திரும்ப சூடு பண்ணியிருக்கலாம்லா" என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரம் அடுக்களையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அவன் ஏன் இப்பம் திக்கலைன்னு தெரியுமா?" நான் அம்மனை ஆரம்பித்தேன். "சும்மா இருங்க. அடுத்தாப்புல அவன் என்ன சொல்லப் போறான்னு உங்களுக்குத் தெரியல. அதான் வாயப் பொத்திட்டு இருக்கீய. உங்களுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா எம்புள்ள இன்னைக்கும் வடையத்தான் தின்னுட்டு இருப்பான்." நான் வெளியே வந்து தெருக்குழாயில் கால் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். பதினாலு வருஷம் உன் வாயில் உட்கார்ந்திருந்தது திக்கு மட்டும் இல்லை, நானும்தான் என்று தெரிந்துகொள்ள ஒருத்தனுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும்? அந்த முப்பத்தாறு மார்க்குக்காக முதன்முதலாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நாற்பது வாங்கியிருந்தால் கெட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் உன்னிடம் கேட்கவே பழகினேன். நீ பத்துக்குப் பத்து போட்ட ஒரே படம் ஞாபகம் இருக்கிறதா? கதை ஒன்றும் இல்லை. ஒரு தெரு, மழை, நாலு பேர் நடக்கிறார்கள். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ஏன்லே பத்து என்று கேட்டேன். "கறுப்பப் பாருங்கப்பா. கோட்டு ஒரு கறுப்பு, ரோடு ஒரு கறுப்பு, குடை ஒரு கறுப்பு. ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது, ஆனா ஒட்டிக்கல" என்றாய். நடுவில் இரண்டு இடத்தில் நின்றாய், நான் பேசாமல் இருந்தேன். நான் துணிக்காரன், என்னிடம் கறுப்பைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். நீலம் ஓடுகிற கறுப்பு, சிவப்பு ஓடுகிற கறுப்பு, இரண்டு துவைப்பில் பச்சையாகிற கறுப்பு எல்லாம் கையால் தடவியே சொல்வேன். படத்தைத் திரும்பச் சுற்றிப் போடச் சொன்னேன். இரண்டாம் தடவை பார்த்தபோது கொட்டாவி வரவில்லை. எந்தக் கோட்டு என்ன துணியாக இருக்கும் என்று நான் சொன்னேன், நீ கேட்டாய். அப்பனும் மகனுமாக நாம் சண்டை இல்லாமல் ஒரு மணி நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தப் படத்தை எடுத்தவன் யாரோ, எந்த ஊரில் மண்ணாகிப் போனானோ, அவனுக்குப் பேட்டையிலிருந்து ஒருத்தன் கடமைப்பட்டிருக்கிறான்.

காதர் பாய் நாலு வருஷம் கழித்து வந்தார். பெட்டியைத் திறந்து கேசட் முதுகில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "தட்டில் சோறு வீண், ஏழு" என்றிருந்ததைப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இதில் உங்களுக்கு எது பிடிக்கும் பாய் என்று கேட்டேன். "நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல அண்ணாச்சி. அவங்க ஹால்ல பாப்பாங்க, நான் அடுப்படியில நிப்பேன். சத்தம் மட்டும் கேக்கும்" என்றார். தான் பார்க்காத படத்தைக் கடல் தாண்டிச் சுமந்துவந்து நமக்குக் கொடுத்த மனுஷன். உன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைத்தேன். நீயும் ஒரு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வா.

உனக்குப் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவன் நான், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வருகிற பெண் பேசும்போது அவள் வாக்கியத்தை நீ முடித்து வைக்காதே. பத்து வருஷம் ஆனால் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று உனக்குத் தெரியும், தெரிந்த மாதிரி இருக்கும். அப்போதும் இங்கிலீஷ் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து கேள். எல்லாவற்றுக்கும் ஒன்பது போடாதே, அவளுக்குப் பொய் என்று தெரிந்துவிடும். உன் அம்மாவுக்கு என் ஒன்பது எல்லாம் கல்யாணம் ஆன மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

இனி சாத்தான்குளத்துப் பெண் வீட்டு விஷயம். பெண் பார்க்கப் போகுமுன் நீ என்னிடம் மூன்று தடவை சொன்னாய், "எனக்குத் திக்கும்னு அவங்ககிட்ட மொதல்லயே சொல்லிருங்கப்பா" என்று. நான் சரி என்றேன். தரகரிடம் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "பையன் அளந்து பேசுவான்" என்றேன். குறையுள்ள துணியை மடிப்புக்குள் வைத்துக் காட்டுகிற அதே கை. உன்னிடம் வந்து, அவர்களிடம் சொல்லியாயிற்று என்று பொய் சொன்னேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கேசரி வந்தது, காப்பி வந்தது, பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். பெண்ணின் தாய்மாமா, "என்ன, மாப்பிள்ளை வாயே தொறக்க மாட்டேங்காரு. ஊருக்குப் போயி கார்டுல எழுதிப் போடுவாரோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்திக்கொண்டு, "அவன் அப்படித்தான் அண்ணாச்சி, அவனுக்கு..." என்று ஆரம்பித்தேன். அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வந்து, "அவுகளே சொல்லட்டும்னு பொண்ணு சொல்லுதா" என்றார்.

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "எனக்குப் பேச்சு திக்கும். அ... அப்பா சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாய். எனக்குத் தரை பிளந்தால் போதும் என்று இருந்தது. தாய்மாமா வெற்றிலைத் தட்டை ஒதுக்கி வைத்தார். சம்பந்தம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் எழுந்து நிலைப்படியில் வந்து நின்றாள், தலையைக் குனியாமல். அவள் அப்பா நிதானமாகக் கேட்டார், "பொண்ணப் பிடிச்சிருக்கா தம்பி?"

நீ நின்றுவிட்டாய். பழையபடி, கழுத்து நரம்பு புடைக்க. ஒருத்தர் செருமினார், ஒருத்தர் தாய்மாமாவின் முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போனால் அதை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். உன் கண் என் பக்கம் திரும்பியது. சின்ன வயதில் திரும்புகிற அதே திரும்பல். நான் குனிந்து என் வேட்டிக் கரையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் நீ என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாய், சொன்னாய், அவள் சிரித்தாள், அவள் அப்பா எழுந்து வந்து உன் கையைப் பிடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாய், "ஏம்ப்பா, பாத்துட்டும் சும்மா இருந்துட்டீங்க?" என்று. வாயில் கேசரி இருந்தது என்று சொன்னேன். அன்றிலிருந்துதான் உனக்கு என்மேல் வருத்தம்.

வாயில் கேசரி இல்லை. இந்தத் தடவை உனக்கு அடுத்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் வந்து கும்பிட்டபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தவன் நான். நான் அதைச் சொல்லியிருந்தால் கூடம் கலகலப்பாகியிருக்கும், உன் கழுத்து நரம்பு இறங்கியிருக்கும், தட்டை அங்கனயே மாற்றியிருப்பார்கள். ஆனால் உன் பெண்டாட்டியிடம் நீ முதல்முதலாகச் சொல்ல வேண்டியதை அவள் என் வாயிலிருந்து கேட்டிருப்பாள். அந்தச் சொல் என் நாக்கில் முழுசாக இருந்தது. பல்லைக் கடித்து உள்ளே வைத்திருந்தேன்.

பிடிச்சிருக்கு.